பட்டாளத்து முத்திரையும் தலையெழுத்தும்

பட்டாளத்தை விட்டு வெளியே வருகின்ற சிப்பாயின் பிற்காலப் பிழைப்பெல்லாம், அவன் கையில் கொடுத்தனுப்பப்படும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்கும் இரண்டொரு வார்த்தையில் அடங்கிக் கிடக்கின்றது என்பது அனுபவமுள்ளவர்கள் அறிந்த விஷயமேயாகும். நமது திருவள்ளூர் ஜில்லாவில் இதை விசேஷமாய் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலை இருக்கின்றது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வரிசை வரிசையாக ஆலைகள் நிற்கின்றன. காக்கி உடுப்பைக் கழற்றி வைத்தவன் அந்த ஆலை வாசலில் காவல் வேலை கேட்டு நிற்கும்போது, “உன் புத்தகத்தைக் காட்டு” என்பதுதான் முதல் கேள்வி. எத்தனை வருஷம் பனியில் நின்றான், எத்தனை எல்லையில் காவல் காத்தான் என்பதெல்லாம் அப்புறந்தான். நடத்தை என்கின்ற இடத்தில் என்ன எழுதியிருக்கின்றது, எந்தக் காரணத்திற்காக விலக்கப்பட்டான் என்பதே முதலில் பார்க்கப்படுகின்றது.

இது ஆலைக்காரர்களின் வழக்கம் மாத்திரமல்ல. மத்திய சர்க்கார் உத்தியோகங்களில் முன்னாள் படைவீரர்களுக்கென்று இடம் ஒதுக்கும் 1979-ம் வருஷத்து விதிகளைப் பார்த்தாலும், ஒழுங்கீனத்திற்காகவோ திறமைக்குறைவிற்காகவோ நீக்கப்பட்டவனுக்கு “முன்னாள் படைவீரன்” என்கின்ற பெயரே கிடையாது. சாதாரண சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமானால் 15 வருஷம் சேவை பூர்த்தியாக வேண்டும். பன்னிரண்டாவது வருஷத்தில் ஒரு கெட்ட வார்த்தையோடு வெளியே தள்ளப்பட்டவனுக்குப் பென்ஷனும் இல்லை, வேலையும் இல்லை, ஊரில் மரியாதையும் இல்லை.

இந்த நிலைமையில் நம் ஜனங்கள் செய்வது என்ன? தாயார் ஜோசியனிடம் ஓடுகிறாள். அவன் சனியைக் காட்டிக் காசு வாங்குகிறான். பெண்சாதி கோவிலுக்கு நேர்ந்துகொள்ளுகிறாள். சிப்பாயோ, “எல்லாம் என் தலையெழுத்து” என்று திண்ணையில் சாய்ந்துவிடுகிறான். நாம் கேட்கின்றோம்: அந்தப் புத்தகத்தில் எழுதியவன் பிரம்மாவா? சம்பளம் வாங்கும் ஒரு மேலதிகாரியல்லவா? அவன் எழுதிய பேனாவும் மையும் கடையில் விற்கும் பேனாவும் மையுமல்லவா? மனிதன் எழுதியதை மனிதன் திருத்த முடியாது என்று எந்தச் சட்டம் சொல்லுகிறது? திருத்தலாம் என்பதற்கும், திருத்தியிருக்கிறார்கள் என்பதற்கும் தக்க ருஜுக்கள் உண்டு.

முதலாவது, சிவப்பு மை விஷயம். பட்டாளத்தில் ஒரு சிப்பாய்க்குக் கொடுக்கப்படும் பெரிய தண்டனைகள் அவன் நடத்தைத் தாளில் சிவப்பு மையால் குறிக்கப்படும். 1988 டிசம்பர் 28-ந் தேதி ராணுவத் தலைமையகம் அனுப்பிய கடிதத்தை வைத்துக்கொண்டு, சிவப்புக் குறிப்பு நான்கு சேர்ந்துவிட்டால் “இனி உன் சேவை தேவையில்லை” என்று அனுப்பிவிடும் வழக்கம் வளர்ந்தது. நான்கு கோட்டை எண்ணுவதற்கு அதிகாரி எதற்கு? கடைக் கணக்குப்பிள்ளை போதுமே! 2015-ம் வருஷம் வீரேந்திர குமார் துபே என்கின்ற சிப்பாயின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைத்தான் கண்டித்தது. நான்கு குறிப்பு இருப்பதால் மாத்திரம் ஒருவனை இயந்திரம்போல் வெளியேற்றக்கூடாது. முன்னதாக விசாரணை நடத்த வேண்டும். குற்றத்தின் தன்மை, சேவையின் நீளம், அவன் வேலை பார்த்த இடங்களின் கஷ்டம் ஆகியவற்றைச் சீர்தூக்கிப் பார்க்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பென்ஷனுக்கு வேண்டிய காலம் முடியும் வரையில் அவர் சேவையில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. விட்டுப்போன காலத்துச் சம்பளம் கிடைக்கவில்லை. ஆனாலும் கிழவனாகும் காலத்தில் கஞ்சிக்கு வழி கிடைத்தது. இது எந்தச் சாமியின் அருள்? மனு எழுதிய கையின் பலனல்லவா?

இரண்டாவது, ஒரு பெண்மணியின் சங்கதி. செலினா ஜான் என்னும் அம்மையார் ராணுவ நர்ஸ் சேவையில் லெப்டினன்டாக இருந்தவர். 1988-ல் வேலையிலிருந்து விலக்கப்பட்டார். அவர் செய்த குற்றம் என்ன தெரியுமா? கல்யாணம் செய்துகொண்டதுதான்! அக்காலத்தில் இருந்த 1977-ம் வருஷத்து ராணுவக் கட்டளை ஒன்றில், வேலையைவிட்டு நீக்குவதற்குரிய காரணங்களாக வைத்தியத் தகுதியின்மை, கல்யாணம், ஒழுங்கீனம் என்பவை ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. ஆண்பிள்ளை கல்யாணம் செய்துகொண்டால் பந்தலும் மேளமும், பெண்பிள்ளை செய்துகொண்டால் அது ஒழுங்கீனத்திற்கு அடுத்த வரிசை! அந்தக் கட்டளை 1995-ல் வாபஸ் வாங்கப்பட்டது. ஆனால் பறிபோன உத்தியோகம் தானாகத் திரும்பி வரவில்லை. அம்மையார் விடவில்லை. 2016-ல் லக்னோ தீர்ப்பாயம் அவர் பக்கம் நியாயம் சொல்லிற்று. 2024 பிப்ரவரி 14-ல் சுப்ரீம் கோர்ட்டு, பெண்ணுக்கு மாத்திரம் விதித்த அந்த விதி அப்பட்டமான எதேச்சாதிகாரம் என்று கூறி, 60 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிற்று. நியாயம் கிடைத்ததென்னமோ வாஸ்தவம். ஆனால் 36 வருஷம்! இருபது வயதில் போட்ட விதைக்கு அறுபது வயதில் கதிர் அறுப்பதா?

நிற்க, மனுப் போட்டவர்களுக்கெல்லாம் ஜெயம் கிடைத்தது என்று சொல்லி வாசகர்களை ஏமாற்ற நமக்கு இஷ்டமில்லை. சாமுவேல் கமலேசன் என்கின்ற இளம் லெப்டினன்ட், தமது படைப்பிரிவின் சமயச் சடங்குகளுக்குத் தம் சிப்பாய்களோடு கூடப் போய் நின்றவர்தான். பூசை நேரத்தில் கர்ப்பக்கிரகத்திற்குள் நுழைவதற்கு மாத்திரம், தாம் கிறிஸ்தவர் என்று சொல்லி விலக்குக் கேட்டார். 2021 மார்ச்சில் பென்ஷனும் இல்லாமல், பணிக்கொடையும் இல்லாமல் டிஸ்மிஸ் செய்யப்பட்டார். 2025 மே மாதத்தில் டில்லி ஹைகோர்ட்டும், நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அந்த உத்தரவைத் தள்ள மறுத்துவிட்டன. அது கட்டுப்பாட்டு விஷயம், மத விஷயமல்ல என்பது கோர்ட்டுகளின் அபிப்பிராயம். பட்டாளத்திற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனால், கர்ப்பக்கிரகத்திற்குள் நுழைய வேண்டும் என்று கேட்டதற்காக உதைபட்டவர்கள் இருக்கும் இந்த நாட்டில், நுழைய மாட்டேன் என்றதற்காக ஒருவருக்கு உத்தியோகம் போயிற்று என்றால், இந்த வேடிக்கையை என்னவென்பது? துப்பாக்கி பிடிக்கத் தெரியுமா என்பதல்லவா சிப்பாய்க்குப் பரீட்சை?

இனி அயல்நாட்டு விஷயம் ஒன்றையும் கவனிப்போம். அமெரிக்காவில் 1906-ம் வருஷம் டெக்ஸாஸ் மாகாணத்துப் பிரௌன்ஸ்வில் ஊரில் ஒரு துப்பாக்கிச் சூடு நடந்து ஒரு வெள்ளைக்காரர் செத்துப்போனார். அங்கே தங்கியிருந்த கறுப்பர் படையைச் சேர்ந்த 167 பேரை, விசாரணை என்பதே இல்லாமல், “கௌரவமற்ற முறையில்” விலக்கி உத்தரவு போட்டார் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். 1972-ல்தான், அதாவது 66 வருஷம் கழித்து, அந்த முத்திரை “கௌரவமான விலக்கு” என்று மாற்றப்பட்டது. அதற்குள் ஏறக்குறைய எல்லாரும் மண்ணோடு மண்ணாகிவிட்டார்கள். உயிரோடிருந்த டார்ஸி வில்லிஸ் என்பவர், ஐம்பது வருஷத்திற்கு மேலாக ஒரு முடிதிருத்தும் கடையில் பிறர் பூட்ஸைத் துடைத்துப் பிழைத்தவர். அவருக்கு 25,000 டாலர் கொடுத்தார்கள். நிறத்தைப் பார்த்து எழுதப்பட்ட ஒரு வார்த்தை ஒரு மனிதனுடைய ஆயுளையே தின்றுவிட்டது. பிறப்பைப் பார்த்து நெற்றியில் முத்திரை குத்தும் நம் நாட்டாருக்கு இதை விரித்துச் சொல்லவும் வேண்டுமா?

ஆனால் அந்த நாட்டிலேயே, 1944-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, விலக்கின் தன்மையை மறுபடி பார்ப்பதற்கென்றே ஒரு போர்டு ஏற்பட்டது. விலக்கப்பட்டவன் 15 வருஷத்திற்குள் அதனிடம் கேட்கலாம். நம் நாட்டிலோ, சிப்பாய் முதலில் தன் மேலதிகாரிகளிடமே முறையிட வேண்டும். அதன்பிறகு, 2007-ம் வருஷத்துச் சட்டத்தின்படி ஏற்பட்ட ஆயுதப்படைத் தீர்ப்பாயத்திற்குப் போகவேண்டும். அதன் கிளை சென்னையிலேயே இருக்கின்றது. முடிவான உத்தரவு பிறந்த 6 மாதத்திற்குள் போகவேண்டும். மேலதிகாரிகளுக்குக் கொடுத்த மனுவிற்கு 6 மாதமாகியும் பதில் வராவிட்டால், அதற்கடுத்த 6 மாதத்திற்குள் போகவேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்திற்கு அதிகாரமுண்டு. அங்கே தோற்றவர்களுக்கும் ஹைகோர்ட்டு வாசல் அடைபட்டதல்ல என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கின்றது.

ஆனால், வேலை போய், மானம் போய், ரயிலேறி ஊர் வந்து சேர்ந்த ஒருவனுக்கு இந்தக் கெடு எப்படித் தெரியும்? யார் சொன்னார்கள்? இங்கிலீஷில் அச்சடித்த உத்தரவை அவனுக்குத் தமிழில் படித்துக் காட்டியது யார்? ஆகவே சர்க்காரை நாம் கேட்பது இவைதான்: விலக்கும் அன்றே காரணத்தையும், முறையிடும் வழியையும், கெடுவையும் அவனவன் தாய்பாஷையில் எழுதிக் கொடுக்கவேண்டும். மனநோயாலும் குடும்பக் கஷ்டத்தாலும் தவறியவனையும் அயோக்கியனையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது. எழுதிய கையே மறுபடி பார்க்கும் வழக்கம் ஒழிந்து, விலக்கின் தன்மையைப் பரிசீலிக்கத் தனியான ஒரு போர்டு ஏற்படவேண்டும்.

குற்றம் செய்தவனைத் தண்டிக்கவே கூடாது என்பது நம் வாதமல்ல. தண்டனை குற்றத்தின் அளவாயிருக்கவேண்டும், விசாரித்துக் கொடுக்கவேண்டும், ஆயுள் முழுதும் துரத்தக்கூடாது என்பதே நம் வாதம்.

நம் ஜில்லாத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கிராமத்தில் இப்படி வந்து முடங்கிக் கிடப்பவன் ஒருவன் இருந்தால், அவனை ஜோசியனிடம் விடாதீர்கள். திருவள்ளூரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இருக்கின்றன. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், ஊனமுற்றோர், வருமானம் குறைந்த ஏழைகள் ஆகியோருக்கு 1987-ம் வருஷத்துச் சட்டப்படி வக்கீல் இலவசம். அவனுடைய சேவைப் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்டு வாங்கலாம். பரிகாரத்திற்குச் செலவழிக்கும் பணத்தில் நாலிலொரு பங்கு தபால் செலவுக்கு ஆகாது. கெடு நாள் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருக்கின்றது. இன்றே அவனை உட்கார வைத்து மனுவை எழுதுங்கள்.