எந்த உடம்பைக் கேட்கிறீர்கள்?

"எந்த ஒடம்பக் கேக்குற தாயி? மலைக்குப் போற ஒடம்பையா, ஊருக்குள்ள நடக்குற ஒடம்பையா?"

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே, ஏலத்தோட்ட ஜீப்புக்காகக் காத்திருந்த ஓர் அக்கா என்னைக் கேட்டது இது. என் கையில் பத்துக் கேள்விகள் கொண்ட தாள். முனைவர் பட்ட ஆய்வுக்காக நானே தமிழாக்கிக் கொண்டுபோனது. அவர் கேட்டதற்கு அதில் இடமில்லை.

அந்தத் தாள்தான் உடல் மதிப்பு அளவுகோல். டிரேசி டில்காவும் நிக்கோல் வுட்-பார்கலோவும் 2015இல் வெளியிட்ட இரண்டாம் வடிவம். உடலை வெறுப்பதையே அளந்துகொண்டிருந்த உளவியல், உடலை மதிப்பதையும் அளக்க வந்தது நல்லதுதான். அதில் எனக்குச் சண்டையில்லை. 'ஒருபோதும் இல்லை' என்றால் 1, 'எப்போதும்' என்றால் 5, சராசரி போட்டால் உங்கள் மதிப்பெண். வீரேன் சுவாமி தலைமையில் ஒரு பெரும் ஆய்வுக் குழு இதையே 65 நாடுகளில், 40 மொழிகளில், ஏறத்தாழ 57 ஆயிரம் பேரிடம் வைத்துப் பார்த்து 2023இல் முடிவுகளை வெளியிட்டது. பாலின வேறுபாடு சொற்பம் என்றது. நகரத்தாரைவிடக் கிராமத்தார் தங்கள் உடலை அதிகம் மதிக்கிறார்கள் என்றும் சொன்னது.

இந்தக் கடைசி முடிவை ஒரு கருத்தரங்கில் சொன்னபோது, "அதுதாங்க நம்ம கிராமத்து மனசு" என்று ஒருவர் பூரித்துப்போனார். எந்தக் கிராமம் ஐயா? ஊரா, சேரியா?

ஒரே கேள்வி இரண்டு கூட்டத்தாருக்கும் ஒரே பொருளைத் தருகிறதா என்று சோதித்த பிறகுதான் அவர்களின் மதிப்பெண்களை ஒப்பிடலாம். இது எங்கள் துறையின் பாலபாடம். அந்த ஆய்வும் நாடு, மொழி, பாலினம், வயது என்று நான்கு வகையில் சோதித்தது. சாதி அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் பிறந்த அளவுகோலுக்குச் சாதி தெரியாமல் போகலாம். அதை இறக்குமதி செய்யும் நமக்குமா தெரியாது?

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள்மீது விதித்த எட்டுத் தடைகளை ஜே.எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். பெண்கள் மாராப்புப் போடக் கூடாது, ரவிக்கை கூடாது, பூ வைக்கக் கூடாது. ஆண்கள் சட்டை போடக் கூடாது, முடியைக் கத்தரிக்கக் கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, செருப்பும் குடையும் கூடாது. பெரும்பாலும் உடம்பைப் பற்றிய பட்டியல்! அதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு: 2017இல் குஜராத்தின் லிம்போதராவில் தலித் இளைஞர்கள் மீசை வைத்ததற்காகத் தாக்கப்பட்டார்கள். கண்ணாடி முன் நின்று தன் மீசையை ரசிப்பவனுக்கு 5 மதிப்பெண் தரலாம். அந்த மீசைக்காக அடிவாங்கியவனுக்கு எத்தனை?

போடியும் 1989 சாதிக் கலவரத்தைக் கண்ட ஊர்தான்.

அக்காவிடம் வருகிறேன். ஏலச்செடியில் காய் மேலே தொங்காது. தூரில், மண்ணோடு கிடக்கும் சரத்தில் பிடிக்கும். நாள் முழுக்கக் குனிந்தோ குத்துக்காலிட்டோதான் எடுக்க வேண்டும். அட்டை கடிக்கும், மருந்து நெடி தலையைச் சுற்றும். அதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். "ஆனா சரத்துல நான் கைய வச்சா நாலு பேரு எடுக்குற காய ஒருத்தியா எடுப்பேன். அங்க என் ஒடம்பு ராசாத்தி. அஞ்சு போட்டுக்க." ஊருக்குள்? "தண்ணி கேட்டா இன்னும் தூக்கித்தான் ஊத்துறாக. கையில படக் கூடாதாம். அதுக்கு ஒண்ணு போடு."

ஐந்தும் ஒன்றும் ஆறு. பாதி மூன்று. அளவுகோலின் கணக்கில் இவர் தன் உடலைச் 'சில நேரங்களில்' மதிக்கும் பெண். மலையிலும் சரி, ஊரிலும் சரி, அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. மூன்று மதிப்பெண் வாங்கிய வேறொருத்தி தன் இடுப்புச் சதையை நினைத்துச் சலித்திருக்கலாம். அதையும் நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் இருவரையும் ஒரே எண்ணில் அடைத்துவிட்டு 'தமிழகப் பெண்களின் சராசரி' என்று எழுத என் கை வரவில்லை.

சாதிக் கேள்வியைச் சேர்க்கலாமா என்று துறையில் கேட்டேன். "சாதியைக் கேட்டால் யாரும் பதில் சொல்லமாட்டார்கள், உணர்ச்சிகரமான விஷயம்" என்றார்கள். மார்பளவு, இடுப்பளவு, எடை எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் கேட்கும் துறை இது.

இப்போது என் தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு கட்டங்கள்: 'வேலையிடத்தில்', 'ஊருக்குள்'. சாதிக்கும் ஒரு கேள்வி உண்டு. அளவுகோலின் தரம் கெட்டுவிட்டது என்று ஆய்வுக் குழு திருப்பி அனுப்பலாம். அனுப்பட்டும். அந்த இரண்டு கட்டங்களையும் முதலில் நிரப்பிய அக்கா, ஜீப்பில் ஏறும்போது, "ஒன் தாள நீயும் நெரப்புனியா தாயி?" என்று கேட்டார். அன்றிரவு உட்கார்ந்து நிரப்பினேன். எனக்கும் இரண்டு எண்கள்தான் வந்தன.