பயிற்சிக்களமும் பணப்பையும்

திறமை எவ்வீட்டிலும் பிறக்கும். அது வளரப் பயிற்சிக்களம் வேண்டும். கோல்ஃப் விளையாட்டில் அக்களத்தின் கதவைப் பணமே திறக்கிறது. அங்கே பந்துகளைக் கூடையாக அளந்து, கூடைக்கு இவ்வளவு எனக் கட்டணம் பெறுகின்றனர். நகர நிலத்தின் மதிப்பும் செயற்கைப் புல்விரிப்பு, வலை, இரவு விளக்கு ஆகியவற்றின் செலவும் ஏற ஏற, அச்சுமை பயில்வோர் தோளிலேயே இறங்குகிறது. ஒரே வீச்சை ஆயிரமாயிரம் முறை பழகினாலன்றிக் கைவராத ஆட்டம் இது. ஆதலின், கூடையின் விலை உயருந்தோறும் எளியவரின் பயிற்சி குறைகிறது.

டில்லியில் ஆட்டக்காரர்களின் மட்டைப்பையைச் சுமந்த அலி ஷேர், 1991இல் இந்திய ஓபன் பட்டத்தை வென்றார். சுமை தூக்கியேனும் களத்தை நெருங்க இயன்றதால் வெளிப்பட்ட திறமை அது. அத்தகைய வாய்ப்பு தற்செயலாக மட்டுமே அமைதல் முறையன்று.

களத்தைப் பேணப் பொருள் வேண்டும். எனவே, கட்டணமே கூடாது என்பது பொருந்தாது. ஆயினும், டில்லி கோல்ஃப் கிளப் போன்றவை அரசு குத்தகைக்கு அளித்த நிலத்தில் இயங்குகின்றன. பொதுநிலத்தால் பயன்பெறுவோர், ஆட்டக்காரர் குறைந்த வேலைநாள் வேளைகளையேனும் அரசுப்பள்ளி மாணவர்க்குக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்குதல் வேண்டும். அது சலுகையன்று, மக்கள் நிலத்திற்கு மக்களுக்குச் செலுத்தும் நியாயமான வாடகையாகும்.