குடிப்பது வேறு, சுவைப்பது வேறு

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு இரண்டு சொற்கள் கற்பித்தார்கள். ‘புவார்’ என்றால் குடிப்பது. ‘தெகுஸ்தே’ என்றால் நிதானமாகச் சுவைப்பது. இரண்டாவது சொல் எனக்குப் புரிந்தது, மகனைப் பார்க்க இங்கிலாந்தின் நியூகாசலுக்குப் போனபோதுதான்.

1927-இல் அந்த ஊரில் பிறந்தது நியூகாசல் பிரவுன் ஏல். பழுப்பு நிற பீர். வறுத்த கடலை வாசம், லேசான இனிப்பு, கசப்பு குறைவு. அங்குள்ள பெரியவர்கள் பாட்டிலைக் கவிழ்ப்பதில்லை. சின்னக் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொள்கிறார்கள்.

புதுச்சேரியில் நாமோ பீரை ஐஸாக்கி, வாசத்தைக் கொன்று, மடமடவென்று விழுங்குகிறோம். என் அலுவலக நண்பர் ஒருவர் குடித்துக் குடித்தே ஐம்பதில் போய்ச் சேர்ந்தார்.

குடிக்காதவர்கள் தொடங்க வேண்டாம். குடிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு மாலைக்கு ஒரு பாட்டில், பேச ஒரு துணை. அதற்குமேல் சுவை இல்லை, போதைதான்.