அக்கரைச் சீமையில் நெல்வயல்

அதிராம்பட்டினம் பக்கத்துக் கடைமடைக் குடியானவருக்குத் தண்ணீரின் அருமையைப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. கடலுக்கு அக்கரையிலும் வானத்தைப் பார்த்து நெல் விதைத்த தமிழ்க் குடிகள் இருந்தார்கள்.

மலாய் நாடு என்றதும் ரப்பர்த் தோட்டமும், கங்காணியும், 'கூலி' என்ற இழிபெயருமே நம் நினைவுக்கு வருகின்றன. பேராக் ராஜ்யத்துக் கிரியான் ஜில்லாவிலுள்ள பாகான் செராயின் சரித்திரம் வேறு. (மலாய் மொழியில் 'பாகான்' படகுத்துறை, 'செராய்' எலுமிச்சம்புல். பெயரிலேயே வாசனை!) பிற்காலத்தில் மலாக்கா மேற்றிராணியாரான ரெனே ஃபே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், 1880-களில் அங்கே தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைக் குடியமர்த்தினார். ஒப்பந்தச் சீட்டில் கட்டுண்ட தனி ஆட்களாக அல்ல. பெண்டு பிள்ளைகளோடு, உழவர்களாகவே அவர்கள் வாழ்ந்தார்கள். தஞ்சைச் சீமைப் பண்ணையாளுக்கு அந்த யோகம் ஏது? அவனுக்குச் சட்டத்தின் காவல் கிடைக்கவே 1952 ஆயிற்று.

ஆனால் கிரியானில் மழை பொய்த்தால் விளைச்சலும் பொய்க்கும். ஏறக்குறைய இருபது வருஷம் அப்படிக் காலந்தள்ளியவர்களுக்கு 1906-ல்தான் விமோசனம் பிறந்தது. அவ்வருஷம் புக்கிட் மேராவில் நீரைத் தேக்கி, வயல்களுக்கு வாய்க்கால் திறந்தார்கள். நம் பட்டுக்கோட்டைத் தாலூகாவுக்குக் கல்லணைக் கால்வாய் வந்ததோ 1934-ல்!