மெத்தைக்கு முன்னால் ஒரு தாலாட்டு

சென்ற மாதம் சிங்கப்பூரிலிருந்து என் மகள் ஃபோன் செய்தாள். "அம்மா, ஆயா பாடுற தாலாட்டை நல்லா ரிக்கார்டு பண்ணி அனுப்பேன். குழந்தை தூங்கவே மாட்டேங்குது!"

என் அம்மாவுக்கு வயது 81. பனி தொடங்கினால் இழுப்பு வந்துவிடும். அப்புறம் பாட்டு ஏது? தம்பி மகன் ஒரு மைக்கும், அதைச் சுற்றி மாட்டுகிற தடுப்பு ஒன்றும் கொண்டு வந்தான். முறத்தை வளைத்து நிறுத்தினாற்போல் இருக்கிறது, உள்ளே ஃபோம். "இதை மாட்டினா வீடே ஸ்டூடியோ, அத்தை!" என்றான்.

அம்மாவை விழுப்புரத்துக்கு அழைத்து வந்து எங்கள் வீட்டில் பாட வைத்தோம். எங்கள் ஊரோ ஐந்து திசைக்கு ரயில் பிரிகிற ஜங்ஷன். இரண்டாவது அடியிலேயே ஹாரன்! தடுப்பு என்ன செய்யும், பாவம்? ரயில், குக்கர் விசில், மின்விசிறி எதுவும் அதற்கு அடங்காது.

சரியென்று திண்டிவனத்தில் அம்மா வீட்டுக்கே போனோம். அமைதியான தெரு. ஆனால் போட்டுக் கேட்டால், கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி! மொசைக் தரை, வெறும் சுவர். அப்புறம்தான் புரிந்தது. தடுப்பு நிற்பது மைக்குக்குப் பின்னால். மைக்கைத் தாண்டிப் போகும் குரலில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. மிச்சம் மேலும் பக்கமுமாகக் கசிந்து, அறையைச் சுற்றி, பாடுகிறவர் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரில் பட்டு, நேரே மைக்கின் முகத்துக்கு வந்துவிடுகிறது. இந்த வகை மைக்குக்கு முன்பக்கம்தானே காது!

கட்டிலிலிருந்த இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கி அம்மாவுக்குப் பின்னால் நிறுத்தினோம். இரண்டு பக்கமும் கொடி கட்டிக் கம்பளி. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண்.

"ஏண்டி, பிள்ளை பெத்தவளுக்கு மறைப்பு கட்டுற மாதிரி கட்டுறியே!" என்றாள் அம்மா.

எதிரொலி போயே போச்சு! தடுப்பைக் கழற்றிவிட்டும் ஒரு முறை பாடச் சொன்னேன். வித்தியாசம் கொஞ்சம்தான். மெல்லிய ஃபோம் கீச்சொலியை உறிஞ்சும்; கட்டைக் குரலுக்கு மெத்தையின் கனம் வேண்டியிருக்கிறது. ஆகவே சகோதரிகளே, ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தடுப்பு வாங்குமுன் அறை நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். 'ணங்' என்று இழுத்தால் முதலில் மெத்தையைத் தூக்குங்கள். (தூக்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். என் இடுப்பு இன்னும் வலிக்கிறது!)

மூன்றாவது அடியில் அம்மா இருமிவிட்டாள். வெட்டிவிடலாம் என்றான் பையன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று என் மகள் சொல்லிவிட்டாள்.