சூளை பற்றவைக்கும் முன்

விருத்தாசலம் பீங்கான் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது ஃபியூஸ் கட்டை. இன்று வீடுகளில் அந்த இடத்தை எம்.சி.பி. பிடித்துவிட்டது. அடுத்து எதை வார்ப்பது? விடை சந்தையில்தான் இருக்கிறது; அதைக் கேட்டறிய ஒரு முன்மாதிரி உண்டு.

இதே மாவட்டத்தின் கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன், 1983-இல் 15,000 ரூபாயுடன் ஷாம்பு தொழிலில் இறங்கியவர். எந்த நிறுவனத்தின் காலி பாக்கெட்டானாலும் ஐந்து கொடுத்தால் தன் ‘சிக்’ ஷாம்பு பாக்கெட் ஒன்று இலவசம் என்றார். விற்பனை உத்தியாகவே இது பேசப்படுகிறது. அருமையான சந்தை ஆய்வும்கூட. யார் எதை வாங்குகிறார்கள் என்பதைத் திரும்பி வந்த காலி பாக்கெட்டுகளே காட்டிக்கொடுக்கும்.

அதேபோல், இதே வட்டாரத்தின் நல்லூரில் அகல் விளக்குப் பட்டறை போட நினைப்பவர், கார்த்திகை முடிந்த மறுவாரம் பத்துக் கடை ஏறி இறங்கட்டும். எந்த அளவு முதலில் தீர்ந்தது, எது தூசி படிந்து கிடக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். “நல்லா இருக்கு” என்ற பாராட்டு கணக்கில் வராது. கடைக்காரர் தரும் முன்பணம் வரும்.