ஒரே துவாரம், ஆறு வேகம்!
கம்ப்யூட்டர் வாங்குவோர் ஏமாறாமல் இருப்பது எப்படி?

இரண்டு கம்ப்யூட்டர்கள். இரண்டின் முதுகிலும் சிறிய துவாரம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் "டைப்-சி". அளவு ஒன்று, வடிவமும் ஒன்று.

ஆனால், ஒன்று ஆமை, மற்றது குதிரை!

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, கம்ப்யூட்டரைத் தாங்களே பூட்டிக்கொள்வோர் இதைக் கவனிக்க வேண்டும். கவனிக்காவிட்டால், கொடுத்த பணம் வீண்.

பிறந்த கதை

முன்பெல்லாம் பிரிண்டருக்கு ஒரு துவாரம், கீ-போர்டுக்கு வேறு துவாரம். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று வேண்டும் என்று 7 கம்பெனிகள் கூடின. "இன்டெல்" கம்பெனியில் இந்த வேலையை முன்னின்று நடத்தியவர் அஜய் பட். இந்தியாவில் பிறந்து, வதோதராவில் படித்தவர் அவர்.

1996-ல் "யு.எஸ்.பி." பிறந்தது. அப்பொழுது அதன் வேகம், வினாடிக்கு 12 மெகாபிட். 2000-ல் அது 480 மெகாபிட் ஆயிற்று. 2008-ல் 5 ஜிகாபிட், 2013-ல் 10, 2017-ல் 20, 2019-ல் 40, 2022-ல் 80!

480 மெகாபிட் முதல் 80 ஜிகாபிட் வரை ஆறு வேகங்கள். "டைப்-சி" துவாரத்தில் இந்த ஆறில் எதுவும் இருக்கலாம். வெளியே பார்த்தால் தெரியாது.

பண்டம் ஒன்று, பெயர் மூன்று

5 ஜிகாபிட் துவாரத்துக்கு முதலில் "3.0" என்று பெயர். பிறகு "3.1 ஜென் 1" என்றார்கள். அதன் பிறகு "3.2 ஜென் 1" என்றார்கள். வேகம் மட்டும் அப்படியே இருந்தது!

இதனால் யாருக்கு லாபம்? விற்பவருக்குத்தான். பழைய சரக்குக்குப் புதுப் பெயர் கிடைத்தது. வாங்குபவருக்குக் கிடைத்தது குழப்பம்.

வேகத்தை எண்ணாலேயே சொல்ல வேண்டும் என்ற புது முறை 2022-ல் வந்தது. ஆனால் முத்திரை பெறுவது கட்டாயம் அல்ல.

சட்டம் வந்தும் தீரவில்லை

புதிய செல்போன்களில் சார்ஜ் ஏற்ற "டைப்-சி" துவாரம் இருக்க வேண்டும் என்ற சட்டம், ஐரோப்பிய யூனியனில் 2024 டிசம்பர் 28-ல் அமுலுக்கு வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால், அது துவாரத்தை ஒன்றாக்கியது, வேகத்தை ஒன்றாக்கவில்லை.

2023-ல் வந்த "ஐபோன் 15" சாதாரண மாடலில் "டைப்-சி" துவாரம் உண்டு. வேகமோ 480 மெகாபிட். அதாவது, 2000-ம் ஆண்டு வேகம்!

யாருக்கு எது வேண்டும்?

குடும்பப் படங்கள், கல்யாண வீடியோக்கள் எல்லாம் சேர்ந்து 100 ஜிகாபைட் என்று வைத்துக்கொள்வோம். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். அவற்றை வெளியே உள்ள டிஸ்க்குக்கு மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

480 மெகாபிட் துவாரத்தில் ஏறக்குறைய அரை மணி நேரம். 5 ஜிகாபிட்டில் 160 வினாடி. 10-ல் 80 வினாடி. 40-ல் 20 வினாடி. இது கணக்குப்படி, நடைமுறையில் இன்னும் கூடும்.

சுழலும் ஹார்டு டிஸ்க் வைத்திருப்போருக்கு 5 ஜிகாபிட் போதும். அந்த டிஸ்க்கே அவ்வளவு வேகம் ஓடாது! புது மாதிரி "எஸ்.எஸ்.டி." வைத்திருப்போருக்கு 10 நல்லது. தினமும் பெரிய வீடியோக்களை வெட்டி ஒட்டும் தொழில் செய்வோருக்கே "யு.எஸ்.பி. 4" அல்லது "தண்டர்போல்ட்" தேவை.

20 ஜிகாபிட்டில் ஒரு சிக்கல் உண்டு. துவாரம், டிஸ்க் இரண்டும் அந்த வகையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகம் 10-க்கு இறங்கிவிடும்.

மறைந்திருக்கும் பள்ளங்கள்

கேபினெட்டின் முன்பக்கத்தில் "டைப்-சி" துவாரம் இருக்கும். அதற்கான இணைப்பு மதர்போர்டில் இல்லை என்றால், அது வெறும் அலங்காரம்!

2024-ல் வந்த "ஏ.எம்.டி. எக்ஸ் 870" மதர்போர்டுகளில் 40 ஜிகாபிட் துவாரம் உண்டு. ஆனால், சில போர்டுகளில் உள்ளே இருக்கும் "எஸ்.எஸ்.டி."யும் அதுவும் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கொள்ளும். போர்டுடன் வரும் புத்தகத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது.

கடைசியாக, வயர். சார்ஜ் ஏற்ற வாங்கிய வயரில் பெரும்பாலும் 480 மெகாபிட்தான் ஓடும். குதிரையைப் பூட்டிவிட்டு, சக்கரத்தைக் கழற்றியது போல் ஆகிவிடும்!

ஆகவே, கடைக்காரரிடம் பெயரைக் கேட்காதீர்கள். "வினாடிக்கு எத்தனை ஜிகாபிட்?" என்று கேளுங்கள். துவாரத்துக்கும் கேளுங்கள், டிஸ்க்குக்கும் கேளுங்கள், வயருக்கும் கேளுங்கள். மூன்றில் எது குறைவோ, அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் வேகம்.